பந்துக்கு ஐந்து வழி

2019 செப்டம்பர் 7. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஆட்டம் முடிய மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி 37-31 என்று முன்னிலையில் நின்றது. பந்து அவர்களிடம் இருந்தாலும் நிலைமை அவர்களுக்குச் சாதகமாக இல்லை. மூன்றாவது வாய்ப்பு, கடக்க வேண்டியது 17 கஜம்.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். இடையில் பின்னுக்குத் தள்ளப்பட்டால் அந்தக் கடனையும் சேர்த்து அடைக்க வேண்டும். நான்காவது வாய்ப்பில் பெரும்பாலான அணிகள் பந்தை உதைத்துத் தூரத்தில் தள்ளிவிட்டு எதிரணியிடம் ஒப்படைத்துவிடும். ஆகவே உயிர் இருப்பது மூன்றாவது வாய்ப்பில்தான். கபடியில் இரண்டு ரெய்டு வெறுமையாய்ப் போனபின் மூன்றாவது ரெய்டுக்குப் போகிறவனின் நெருக்கடி அது.

முன்னிலையில் இருக்கும் அணி இந்த இடத்தில் செய்வது ஊரறிந்தது. பந்தை ஓட்டக்காரனிடம் கொடுத்து நடுவில் முட்டவிட்டு, கடிகாரத்தை ஓடவிட்டு, அடுத்ததாக உதைத்துவிடும். லூசியானாவும் தலைமுறை தலைமுறையாக அப்படி ஆடிய அணிதான். அன்று அவர்கள் பந்தை எறிந்தார்கள். டெக்சாஸ் ஆட்கள் கூட்டமாக உள்ளே பாய்ந்தார்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ பின்வாங்கவில்லை. முன்னால் ஓரடி வைத்து, இடப்பக்கம் நழுவி, கைக்கெட்டும் தூரத்தில் எதிரிகள் இருக்கும்போதே எறிந்தார். குறுக்காக ஓடிவந்த ஜஸ்டின் ஜெஃபர்சனின் கைக்குப் பந்து போய்ச் சேர்ந்தது. பிடித்த வேகத்திலேயே அவர் திரும்பி ஓடினார். 61 கஜம், பந்து எதிரணியின் இறுதிக்கோட்டைத் தாண்டியது, டச்டவுன். இறுதியில் 45-38.

இந்தக் காட்சியில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பந்தையோ ஜெஃபர்சனின் ஓட்டத்தையோ அல்ல, பர்ரோவின் முகத்தை. தன்மேல் பாய வருகிறவர்களை அவர் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. பார்வை முழுக்க மைதானத்தின் ஆழத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் வருவது கால்களுக்குத் தெரிகிறது. கண்ணுக்கு அந்த வேலை தரப்படவில்லை. ஒரு குவார்ட்டர்பேக்கின் தரத்தை எடைபோட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்தப் பருவத்தின் பதினைந்து ஆட்டங்களையும் லூசியானா வென்றது. கல்லூரிக் கால்பந்தில் இதைவிட அழகான தாக்குதல் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை என்பது என் தீர்ப்பு. அதற்கான காரணங்களைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அணியின் ஊர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் பேட்டன் ரூஜ் லூசியானாவின் தலைநகரம். அங்குள்ள டைகர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து இரண்டாயிரம் பேர் உட்காரலாம். எதிரே, பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, மைக் என்ற பெயரில் உயிருள்ள புலி ஒன்று வளர்கிறது. சனிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் காலையிலேயே வளாகம் முழுக்க அடுப்பு மூட்டிக் கம்போவும் ஜாம்பலாயாவும் கிளற ஆரம்பித்துவிடுவார்கள். 2019இல் அங்கே ஆடிய மாணவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கல்வி உதவித்தொகை மட்டுமே. விளம்பரம் மூலம் கல்லூரி ஆட்டக்காரர்கள் பணம் சம்பாதிக்க அனுமதி வந்தது 2021 ஜூலையில்தான்.

இந்த ஊருக்கு ஒரு தீராத வலி இருந்தது. 2012 ஜனவரி 9 அன்று, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், சொந்த மாநிலத்து ரசிகர்கள் முன்னால், தேசிய இறுதி ஆட்டத்தில் அலபாமாவிடம் லூசியானா 0-21 என்று தோற்றது. ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அன்றைய குவார்ட்டர்பேக்கின் பெயர் ஜோர்டன் ஜெஃபர்சன். ஆஸ்டினில் அந்த 61 கஜ டச்டவுனை எடுத்த ஜஸ்டினின் அண்ணன். அந்தத் தோல்வியிலிருந்து தொடங்கி 2018 வரை அலபாமாவிடம் அடுத்தடுத்து எட்டுத் தோல்விகள். தற்காப்பு உறுதியாகத்தான் இருந்தது. தாக்குதல்தான் ஒவ்வோர் ஆண்டும் அதே சுவரில் போய் மோதி நின்றது.

அணியை மாற்றியவர் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரான். பேயூ லஃபூர்ஷ் நீரோடையோரம் லரோஸ் என்ற சிற்றூரில் பிறந்த, பிரெஞ்சு வழிவந்த கேஜன் வம்சத்தவர். சரளைக்கல்லை அரைப்பது போன்ற குரல். 2007இல் மிசிசிப்பி பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. 2013இல் தென் கலிஃபோர்னியாவில் இடைக்காலப் பயிற்சியாளராக நன்றாகவே செய்தும் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 2016இல் சொந்த மாநிலம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அவர் தற்காப்பு வரிசைப் பயிற்சியில் ஊறியவர். பந்து எறியும் கலை அவருடைய துறை இல்லை. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைக்கும் மனம் இருந்தது. 2019 தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் உதவியாளராக இருந்த ஜோ பிரேடி என்ற 29 வயது இளைஞரை அழைத்து வந்தார். தாக்குதலின் தலைமை ஸ்டீவ் என்ஸ்மிங்கரிடமே இருந்தது. அறுபதைக் கடந்த அவர் இதே கல்லூரிக்காக 1970களில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். முதியவரும் இளைஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். யாருக்குப் பெருமை என்ற சண்டை வரவில்லை. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

பிரேடி கொண்டுவந்தது என்ன? பார்வைக்கு எளிமையான ஒன்றுதான். குவார்ட்டர்பேக் பக்கத்தில் வழக்கமாக நிற்கும் ஓட்டக்காரரையும் அங்கிருந்து எடுத்து மைதானத்தின் அகலத்தில் பரப்புவது. ஐந்து பேர் பந்து பிடிக்கப் போவார்கள். ஐந்து பேர் முன்வரிசையில் தடுப்பார்கள். நடுவில் குவார்ட்டர்பேக் தன்னந்தனியாக. இதைக் கண்டுபிடித்தவர் பிரேடி இல்லை. எத்தனையோ அணிகள் இதை ஆடியிருக்கின்றன. ஆனால் காப்பதற்குக் கூடுதல் ஆள் இல்லை என்ற பயத்தில், அவசரத்துக்கு மட்டும் எடுக்கும் ஆயுதமாகவே பலரும் வைத்திருந்தார்கள். லூசியானா அதைத் தன் அன்றாட நடையாக்கியது.

அதன் நுட்பம் பந்து நகருமுன் நடப்பதில் இருக்கிறது. ஓட்டக்காரர் கிளைட் எட்வர்ட்ஸ்-எலேர், 22ஆம் எண் சட்டை, மெதுவாக நடந்து ஓரத்துக்குப் போய் நிற்கிறார். எதிரணியின் நடுக்காவலர்களில் ஒருவர் அவரைத் தொடர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தால், ஆளுக்கு ஆள் காவல் என்று பொருள். யாரும் தொடராமல் ஏற்கெனவே ஓரத்தில் நிற்கும் காவலரே அவரைப் பார்த்துக்கொண்டால், இடம் பிரித்துக் காவல். ஒருவர் பத்தடி நடந்ததில் எதிரணியின் ரகசியம் பாதி வெளியே வந்துவிடுகிறது. பர்ரோ அதைப் பார்த்ததும் கை அசைத்து, ஏதோ சொல்லித் திட்டத்தை மாற்றுகிறார். அப்படி மாற்றும் சுதந்திரத்தை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பிறகு பந்து வருகிறது. இரண்டு மூன்று நொடியில் போய்விடுகிறது.

இன்னொரு நுட்பம், பந்து பிடிக்கப் போகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது முன்பே முடிவாகியிருக்காது. காவலர் உள்பக்கம் நின்றால் வெளியே திரும்ப வேண்டும். வெளிப்பக்கம் நின்றால் உள்ளே. ஓடுகிறவர் ஓடிக்கொண்டே அதைப் படிக்கிறார். பதினைந்து கஜம் பின்னால் நிற்கும் பர்ரோவும் அதே காவலரின் அதே தோளைப் படிக்கிறார். இருவரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும், ஒரு வார்த்தை பேசாமல். ஜெஃபர்சன் திரும்பத் தொடங்குவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்கும். ஒருவர் தவறாகப் படித்தால் பந்து எதிரியிடம் போய்விடும். அந்தப் பருவத்தில் பர்ரோ எறிந்தவற்றில் 76.3 சதவீதம் உரிய கைக்குச் சேர்ந்தன. எதிரணியிடம் பிடிபட்டவை மொத்தமே ஆறு. கோடை முழுக்க அவர்கள் தாங்களாகவே சேர்ந்து எறிந்து பிடித்துப் பழகியதன் பலன் அது.

பந்து பிடிப்பவர்களில் இன்னொருவரான ஜமார் சேஸிடம் இருந்தது வேறு வகை அழகு. எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுவார். காவலர் தோளோடு தோளாக ஒட்டி வருவார். இப்படி ஒட்டியிருப்பவருக்கு எறியக்கூடாது என்பது பழைய பாடம். பர்ரோ வேண்டுமென்றே ஓட்டத்துக்குச் சற்றுப் பின்னால், வெளித்தோளை நோக்கி எறிவார். காவலர் முன்னால் பாய்ந்துகொண்டிருக்க, சேஸ் இடுப்பைத் திருப்பி நின்று பந்தை வாங்கிக்கொள்வார். காவலர் தன் வேலையைச் சரியாகச் செய்தும் தோற்பதைப் பார்ப்பது அபூர்வம். அது நன்றாக ஆடிய இருவரில் ஒருவரின் தோல்வி. 84 பிடிகளில் 1,780 கஜம், 20 டச்டவுன் என்று சேஸ் அந்த ஆண்டு நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதைப் பெற்றார். ஜெஃபர்சனுக்கு 111 பிடிகள். பந்து பிடித்த மற்ற இருவரான டெரஸ் மார்ஷலையும் தாடியஸ் மாஸையும் பற்றித் தனியாகவே எழுதலாம்.

பர்ரோ இந்த மண்ணைச் சேர்ந்தவர் இல்லை. ஒஹாயோ மாநிலத்தின் ஏதென்ஸ் வட்டாரத்துப் பையன். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு மாற்று ஆட்டக்காரராகக் காத்திருந்து, இடம் கிடைக்காமல், பட்டம் வாங்கிக்கொண்டு 2018இல் பேட்டன் ரூஜ் வந்தார். முதல் ஆண்டு சாதாரணம்தான்: 16 டச்டவுன் பாஸ்கள், 57.8 சதவீதம். 2019 புத்தாண்டு அன்று நடந்த ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் ஒரு பலமான மோதலில் தரையில் விழுந்தார். எழுந்து வந்து நான்கு டச்டவுன் எறிந்தார். அணியினர் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றது அன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்லூரி அணியொன்றில் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்த அவருடைய தந்தை, மகனின் கடைசிக் கல்லூரிப் பருவத்தை நேரில் பார்ப்பதற்காகவே 2019இல் ஓய்வு பெற்றார். அந்தப் பருவத்தில் மகன் எறிந்தது 60 டச்டவுன். அதற்குமுன் ஒரே பருவத்தில் யாரும் தொடாத எண்ணிக்கை. இரண்டாண்டு கழித்து வேறொருவர் 62 எறியும்வரை சாதனையாக நின்றது.

ரசிகர்கள் அதிகம் பேசாத ஆட்டம் ஒன்று உண்டு. அக்டோபர் 26, ஆபர்ன் அணிக்கு எதிராக, 23-20. ஆபர்ன் ஒரு நல்ல மருந்து கண்டுபிடித்து வந்திருந்தது. முன்னால் மூன்று பேரை மட்டும் பாயவிட்டு, மீதி எட்டுப் பேரையும் பின்னால் நிறுத்தியது. ஐந்து வழிக்கும் எட்டுக் காவல். அந்த மூன்று பேரில் டெரிக் பிரவுன் போன்ற மலை ஒருவரும் இருந்ததால் மூன்றே போதுமானதாக இருந்தது. இடைவேளையில் 10-10. லூசியானா அடம்பிடிக்கவில்லை. பின்னால் எட்டுப் பேர் நின்றால் முன்னால் ஆள் குறைவு. ஆகவே பந்தை எட்வர்ட்ஸ்-எலேரிடம் கொடுத்தார்கள். அவர் 136 கஜம் ஓடினார். தாக்குதல் வறண்ட அந்தப் பொழுதில் தற்காப்புப் பயிற்சியாளர் டேவ் அராண்டாவின் தற்காப்பு ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்தது. எறிவதை விட்டுக்கொடுக்கத் தெரிந்ததால்தான் அந்த எறிதல் கலைக்கு இவ்வளவு மதிப்பு என்பேன்.

நவம்பர் 9 அலபாமாவில் நடந்ததை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. எட்டுத் தோல்விகளின் பாரத்தோடு இறங்கிய அணி இடைவேளையில் 33-13 என்று முன்னிலை. அந்தக் கடைசி ஏழு புள்ளிகள் வந்த விதம்தான் விசேஷம். இடைவேளைக்குச் சில நொடிகளே இருக்கும்போது பேட்ரிக் குவீன் எதிரணியின் பாஸைப் பறித்தார். உடனே அடுத்த எறியில் எட்வர்ட்ஸ்-எலேர் பிடித்துக் கோட்டைத் தாண்டினார். அவர் உயரம் ஐந்தடி எட்டங்குலம். இந்த ஆட்டத்தில் அது குள்ளம். ஆனால் தாழ்ந்த இடுப்பும் தடித்த தொடையும் உள்ள ஒருவரைத் தோளால் இடித்து வீழ்த்துவது கடினம். இடித்தவர் சறுக்குவார், இவர் சுழன்று நிற்பார். அன்று ஓடி மூன்று, பிடித்து ஒன்று என நான்கு டச்டவுன். இரண்டாம் பாதியில் அலபாமா விரட்டி வந்தது. கணுக்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆன துவா தகோவைலோவா 418 கஜம் எறிந்தார். அவருக்கும் வணக்கம் சொல்லாமல் இந்த ஆட்டத்தைக் கடக்க முடியாது. ஒவ்வொரு முறை அலபாமா நெருங்கியபோதும் பர்ரோ பதில் வைத்திருந்தார். 46-41. சக ஆட்டக்காரர்கள் அவரைத் தூக்கிச் சுமந்தார்கள்.

பேட்டன் ரூஜில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 50-7 என்று வென்றார்கள். அன்று பர்ரோ தன் பெயரை லூசியானாவின் பிரெஞ்சு முறைப்படி எழுத்து மாற்றிப் பொறித்த சட்டையோடு களம் இறங்கினார். ஊர் அவரைத் தத்தெடுத்ததற்கு ஊர்முன் அவர் சொன்ன நன்றி அது. டிசம்பர் 14 அன்று, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியபோது தான் வளர்ந்த வட்டாரத்தை மறக்கவில்லை. ஏதென்ஸில் பள்ளி விட்டு வீடு திரும்பினால் மேசையில் சாப்பாடு இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று குரல் உடைந்து பேசினார். அந்த வட்டார உணவு வங்கிக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை குவிந்தது.

டிசம்பர் 28, அட்லாண்டாவில் ஓக்லஹோமாவுக்கு எதிரான அரையிறுதி. அன்று காலை, இந்த ஆட்டத்துக்காக லூசியானாவின் லஃபயெட்டிலிருந்து கிளம்பிய சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்த ஐவரில் ஒருவர் என்ஸ்மிங்கரின் மருமகள், விளையாட்டுச் செய்தியாளர். ஓர்ஜெரான் மைதானத்தில் என்ஸ்மிங்கரிடம் செய்தியைச் சொன்னார். என்ஸ்மிங்கர் மாடி அறைக்குப் போய், தன் இருக்கையில் உட்கார்ந்து, ஆட்டத்தை நடத்தினார். முதல் பாதியிலேயே பர்ரோ ஏழு டச்டவுன் எறிந்தார். அவற்றில் நான்கை ஜெஃபர்சன் பிடித்தார். 63-28. அந்தப் பருவத்தின் மிக ஒளிமிகுந்த பாதியும் மிக இருண்ட நாளும் ஒன்றாகவே வந்தன. அந்த ஆட்டத்தைக் கொண்டாட்டமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

இறுதி ஆட்டம் 2020 ஜனவரி 13. எட்டு ஆண்டுக்கு முன் ஜோர்டன் ஜெஃபர்சன் புள்ளியே எடுக்க முடியாமல் வெளியேறிய அதே சூப்பர்டோம். எதிரே தொடர்ந்து 29 ஆட்டங்கள் வென்றிருந்த கிளெம்சன். அதன் தற்காப்பு வல்லுநர் பிரென்ட் வெனபிள்ஸ் தன் ஆட்களை ஓரிடத்தில் நிறுத்தி, பந்து நகர்ந்த பிறகு வேறிடத்துக்கு அனுப்பினார். 22ஆம் எண் நடந்து போய் நின்றும் ரகசியம் வெளியே வரவில்லை. கிளெம்சன் 17-7. அப்போது பர்ரோ சேஸ் இருக்கும் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே காவலர் ஏ.ஜே. டெரல் தனியாக நின்றார். மற்றவர்கள் எங்கே மறைந்து எங்கே போனாலும், இந்த இருவருக்கிடையே மறைக்க ஒன்றுமில்லை. லூசியானா அதுவரை எடுத்திருந்த ஒரே டச்டவுனும் சேஸுக்குப் போன 52 கஜ எறிதான். அந்த இரவில் சேஸ் ஒன்பது பிடிகளில் 221 கஜம் எடுத்தார். இடைவேளையில் 28-17, முடிவில் 42-25. பர்ரோ எறிந்தது 463 கஜம்.

அந்த ஒரே பருவத்தில் முதல் பத்து இடத்துக்குள் தரவரிசை பெற்றிருந்த ஏழு அணிகளை லூசியானா வீழ்த்தியிருந்தது. மொத்தம் 726 புள்ளிகள். பிறகு கல்லூரி அணிகளுக்கு நேர்வது நேர்ந்தது. பிரேடி தொழில்முறை அணியொன்றுக்குப் போனார்; அராண்டா வேறொரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். ஏப்ரல் மாதத் தேர்வில் தொழில்முறை அணிகள் இந்த ஒரே கல்லூரியிலிருந்து 14 பேரை எடுத்துக்கொண்டன. முதல் பெயரே பர்ரோ. அடுத்த பருவத்தில் லூசியானா ஐந்து வென்று ஐந்து தோற்றது. 2021 முடிவில் ஓர்ஜெரானும் விலகினார்.

இந்த ஆட்டத்தை இதுவரை பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓக்லஹோமா ஆட்டத்தில் தொடங்க வேண்டாம். அதில் எதிர்ப்பே இல்லை. அலபாமா ஆட்டத்தின் முழுப் பதிவும் இணையத்தில் கிடைக்கும். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பந்து நகருமுன் பர்ரோவை விட்டுவிட்டு 22ஆம் எண் சட்டையைப் பாருங்கள். அவர் நடந்து போகும்போது எதிரணியில் யார் கூடப் போகிறார், யார் போகவில்லை என்று கவனியுங்கள். இரண்டாம் பாதி வருவதற்குள் பந்து எங்கே போகப்போகிறது என்பது உங்களுக்கே தெரிய ஆரம்பித்துவிடும்.